சென்னையில் எங்கே நின்று போராடலாம்? 41-ஆவது பிரிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்போர் சங்கம், தொழிற்சங்கம், மாணவர் அமைப்பு என்று யார் ஆர்ப்பாட்டத்துக்குத் தயாரானாலும், அனுமதி மனு எழுத உட்காரும்போது அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தச் சட்டம் மாற வேண்டும் என்று வேலை செய்கிற தரப்பில் இருப்பவன் நான். பதில்களில் அந்தச் சார்பு தெரியும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நான் என்ன நினைக்கிறேன் என்பதையும் கலக்கவில்லை. உங்கள் மேல் வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் இந்தப் பக்கம் போதாது, வழக்கறிஞரைப் பாருங்கள்.

"நாற்பத்தொண்ணு போட்டிருக்காங்க" என்கிறார்களே, அது என்ன?

1888-ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டத்தில் உள்ள 41-ஆவது பிரிவு. பொது இடங்களில் நடக்கும் கூட்டம், ஆர்ப்பாட்டம், ஊர்வலம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காவல் ஆணையருக்கு அது தருகிறது. பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ தேவை என்று கருதினால் எழுத்துமூலம் தடையும் விதிக்கலாம். அந்தத் தடை மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் 15 நாட்களுக்கு மேல் நீடிக்க முடியாது. கூட்டம் நடத்துகிறவர்கள் 5 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

இதை "144" உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். பழைய 144, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆவது பிரிவு ஆகிவிட்டது. அது நாடு முழுவதற்கும் பொதுவானது. 41 மாநிலச் சட்டம், மாநகருக்கானது. சென்னைக்கு வெளியே மாவட்டங்களில் போலீஸ் காட்டுவது பெரும்பாலும் 1861-ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 30(2) பிரிவாக இருக்கும்.

அப்படியானால் சென்னையில் போராட்டத்துக்கே தடையா?

காகிதத்தில் இல்லை. நடைமுறையில் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு 15 நாள் உத்தரவு முடியும் நேரத்தில் அடுத்த 15 நாள் உத்தரவு வந்துவிடுகிறது. அசாதாரணமான நாளுக்காக வைத்த அதிகாரம் வருடம் முழுக்க ஓடுகிறது. அனுமதி வாங்கியவர்களுக்கு மட்டும் விலக்கு. உரிமை பொது, தடை விலக்கு என்று இருக்க வேண்டியது இங்கே தலைகீழாகிவிட்டது. எங்கள் எதிர்ப்பின் முதல் காரணம் இதுதான்.

எந்தெந்த இடத்தில் விடுகிறார்கள்?

வள்ளுவர் கோட்டம் அருகே, சேப்பாக்கம் அரசினர் விருந்தினர் மாளிகை அருகே, எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் அருகே, சில சமயம் சிவானந்தா சாலை. செய்தித்தாளில் ஆர்ப்பாட்டப் படம் பார்த்தால் பின்னணி பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்களே, அங்கே போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே? இதில் என்ன குறை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

போராட்டம் யாரை நோக்கியது என்பது அது நடக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு தொழிற்சாலை வாசலில் நிற்பது அந்த நிர்வாகத்திடம் பேசுவது. கல்லூரி வாசலில் நிற்பது அந்தக் கல்லூரியிடம் பேசுவது. அதே ஆட்களை, அதே பதாகைகளோடு வள்ளுவர் கோட்டத்துக்கு அனுப்பினால் கோஷம் அப்படியே இருக்கும், கேட்க வேண்டியவர் இருக்க மாட்டார். அங்கே தினமும் யாராவது நிற்கிறார்கள் என்பதால் பேருந்தில் போகிறவர்களும் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் போவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1 முதல் அங்கே நடைபாதையில் அமர்ந்தார்கள். அவர்களின் கேள்வி மாநகராட்சியிடம், உட்கார்ந்த இடம் மாநகராட்சியின் வாசல். நடைபாதையை மறிக்கக் கூடாது, அனுமதித்த இடத்துக்குப் போக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 13 அன்று உத்தரவிட்டது. அன்று நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. நடைபாதை எல்லோருக்கும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் நாளே அவர்கள் ராஜரத்தினம் மைதானத்துக்குப் போயிருந்தால் அந்தத் தனியார்மயத்தைப் பற்றி ஊர் எவ்வளவு பேசியிருக்கும்? ரிப்பன் மாளிகையின் கண்ணெதிரே, வழியை விட்டு, நிற்க ஓர் இடத்தை அவர்களுக்குக் காட்ட முடியாத சட்டம்தான் பிரச்சினை.

அரசியலமைப்புச் சட்டமே உரிமை தந்திருக்கிறது என்கிறீர்கள். அப்புறம் எதற்கு அனுமதி?

19(1)(அ) பேச்சுரிமை. 19(1)(ஆ) ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை. கூடும் உரிமைக்கு 19(3)-இன்படி நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு ஆகியவற்றுக்காக "நியாயமான" கட்டுப்பாடு விதிக்கலாம். இந்த "நியாயமான" எதுவரை என்பதில்தான் எழுபது ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது.

நமக்கு முக்கியமான தீர்ப்பு 1972-இல் வந்த ஹிம்மத்லால் ஷா வழக்கு. அகமதாபாத்தில் தெருவில் கூட்டம் நடத்த போலீஸ் அனுமதி மறுத்ததால் எழுந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, தெருக்கூட்டத்தை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் எல்லாத் தெருக்களையும் திறந்தவெளிகளையும் மூடிவிட முடியாது என்றது. எந்த அடிப்படையில் அனுமதி தருவது, எதற்காக மறுப்பது என்று எந்த வழிகாட்டுதலும் இல்லாமல் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டிருந்த விதியையும் ரத்து செய்தது. 41-ஐப் பற்றிப் பேசும் எவரும் இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் பேசக் கூடாது என்பது என் எண்ணம்.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் இன்னும் எப்படிச் செல்லும்?

அரசியலமைப்பின் 372-ஆவது பிரிவு பழைய சட்டங்களை அப்படியே தொடரவிட்டது. ஆனால் 13-ஆவது பிரிவு, அடிப்படை உரிமைக்கு முரணாக இருக்கும் அளவுக்கு அவை செல்லாது என்கிறது. பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சட்டம் விழாது. நீதிமன்றத்தில் அந்த வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

மெரினாவில் ஏன் கூடாது? ஜல்லிக்கட்டுக்கு மட்டும் விட்டார்களே?

யாரும் "விடவில்லை". 2017 ஜனவரி 17 அன்று மாணவர்கள் கூடினார்கள், கூட்டம் லட்சக்கணக்கில் பெருகியது, 23-ஆம் தேதி போலீஸ் கலைத்தது. அதற்குப் பிறகு மெரினாவில் சிறு கூட்டத்தைக்கூட போலீஸ் அனுமதிப்பதில்லை.

2018-இல் காவிரிப் பிரச்சினைக்காக மெரினாவில் 90 நாள் உண்ணாவிரதம் இருக்க விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு அனுமதி கேட்டார். தனி நீதிபதி ஒரு நாளுக்கு அனுமதி தந்தார். அரசு மேல்முறையீடு செய்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. இன்றைய நிலை அதுதான்.

எனக்கு இதில் மனம் ஆறவில்லை. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் மே தினத்தைக் கொண்டாடியது உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும். அதற்கும் முன்பே சுதேசிக் கூட்டங்கள் நடந்த மணல் அது. உழைப்பாளர் சிலை இருக்கும் கடற்கரையில் உழைப்பாளி கூடக் கூடாது என்பது இந்த ஊரின் வரலாற்றோடு பொருந்தவில்லை. காற்று வாங்க வருபவர்களுக்கும் இடம் வேண்டும், சரி. அதற்கு நேரம், அளவு, பகுதி என்று வரையறுக்கலாம். முழுக்க மூடுவது வேறு.

ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? எங்கள் கடைக்கு வியாபாரம் போகிறதே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எதிரிகள் இல்லை. தி. நகர் பக்கம் கடை வைத்திருப்பவருக்கும், நோயாளியை அழைத்துப்போகிறவருக்கும் சாலை உரிமை. போராடுகிறவர்கள் அதை மதிக்க வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். ஆர்ப்பாட்டம் என்றால் ஓரமாக நின்று கோஷமிடுவது. மறியல் என்றால் வழியை அடைப்பது. மறியலுக்குப் போகிறவர் கைதாகத் தயாராகவே போகிறார், அது ஓர் அறப்போர் முறை. ஆனால் அனுமதிச் சட்டம் இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறது. ஐம்பது பேர் ஒரு சாலையோரத்தில் ஒரு மணி நேரம் நின்றால் ஆம்புலன்ஸ் நிற்பதில்லை. அப்படி ஒரு வழித்தடப் பிரச்சினை உண்மையாகவே இருந்தால், அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு என்று காரணம் எழுதி மறுக்கட்டும். ஊர் முழுவதற்கும் ஒரே பதில் வேண்டாம்.

கரூர் மாதிரி ஏதாவது நடந்தால்? பாதுகாப்புக்காகத்தானே கட்டுப்பாடு?

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு கூட்டப் பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, பேசாமல் இருக்கவும் கூடாது. எத்தனை பேர் கொள்ளும் இடம், குடிநீர், வெளியேறும் வழி, மருத்துவ உதவி ஆகியவற்றை ஏற்பாட்டாளரும் காவல்துறையும் சேர்ந்து உறுதி செய்ய வேண்டும்.

ஆனால் கவனியுங்கள், அது அனுமதி பெற்று நடந்த கூட்டம். அனுமதி என்ற காகிதம் உயிரைக் காப்பாற்றவில்லை. ஒரு தலைவரைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரளும் கூட்டத்துக்கான விதியை, ரேஷன் கடை வாசலில் நிற்கும் முப்பது பெண்கள் மேல் போடுவதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் 144 உத்தரவு அமலில் இருந்தது, ஒரு பள்ளி மைதானம் மாற்று இடமாகவும் பேசப்பட்டிருந்தது. மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போனார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். தடை உத்தரவும் மாற்று இடமும் மட்டும் அமைதியைக் கொண்டுவராது.

நாங்கள் பத்துப் பேர்தான். அதற்கும் அனுமதியா?

பொது இடத்தில் கூட்டம் என்று வந்தால் போலீஸ் 41-ஐத்தான் காட்டும். பத்துப் பேருக்கு விட்டுவிடுகிறோம் என்று சட்டம் சொல்லவில்லை. சிறு கூட்டங்களுக்கு விலக்கு வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான். நான்கு சுவருக்குள் நடக்கும் கூட்டத்துக்குப் பொதுவாக போலீஸ் அனுமதி தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் கூறியிருக்கிறது. ஆனாலும் சில இடங்களில் மண்டப உரிமையாளருக்கு போன் போகிறது, முன்பதிவு ரத்தாகிறது. அப்படி நடந்தால் ரத்துக்கான காரணத்தை உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், சரியான இடம், எத்தனை பேர், கோரிக்கை என்ன, பொறுப்பாளர் பெயரும் எண்ணும். ஒலிபெருக்கி உண்டா என்றும் எழுதுங்கள், அதற்குத் தனி அனுமதி. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கிடையாது.

பலர் விடும் ஒரு வரி: ஏன் அந்த இடம்? "எங்கள் கோரிக்கை இந்த அலுவலகத்திடம், எனவே இதன் எதிரே, நடைபாதைக்கு வழிவிட்டு நிற்கக் கேட்கிறோம்" என்று காரணத்தைச் சேருங்கள். மறுத்தால் அந்தக் காரணத்துக்கு அவர்கள் பதில் எழுத வேண்டிய நிலை வரும். இரண்டாவது, மூன்றாவது விருப்ப இடத்தையும் அதே பகுதியில் குறிப்பிடுங்கள். 5 நாள் என்பது குறைந்தபட்சம். பத்து நாட்களுக்கு முன்பே கொடுத்தால் கோர்ட்டுக்குப் போக நேரம் கிடைக்கும்.

இன்ஸ்பெக்டர் மனுவை வாங்கிக்கொண்டு "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்கிறார். அப்புறம் பேச்சே இல்லை.

ஒப்புகை வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும். தர மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் வேப்பேரி ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். வாய்மொழி மறுப்புக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை. ஆனால் பதிலே வராத மனுவின் ஒப்புகைக்கு நல்ல மதிப்பு உண்டு.

முதல் நாள் ராத்திரி மறுப்புக் கடிதம் வந்தால் என்ன செய்வது?

இதுதான் மிகவும் வெறுப்பேற்றும் பழக்கம். பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்து, ஊரிலிருந்து ஆட்கள் ரயிலேறிய பிறகு "சட்டம் ஒழுங்கு, போக்குவரத்து நெரிசல்" என்று அச்சடித்தது போல இரண்டு வரி வரும்.

கடிதத்தை ஓர் ஆயுதமாகப் பாருங்கள். எந்தத் தகவலின் பேரில் மறுத்தார்கள் என்று அதில் இல்லையென்றால் அதுவே அதன் பலவீனம். உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு போட்டு, அவசரமாக விசாரிக்கக் கேட்கலாம். பெரும்பாலும் நீதிமன்றம் இன்னொரு தேதியையோ இடத்தையோ பரிசீலிக்கச் சொல்லும். முழு வெற்றி இல்லை. ஆனால் காரணமில்லாத மறுப்பு ஒவ்வொன்றும் பதிவாகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, கடந்த ஓராண்டில் போட்ட 41 உத்தரவுகளின் நகலையும் ஏற்ற, மறுத்த மனுக்களின் எண்ணிக்கையையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சட்டத்தை எதிர்க்கும் வழக்குக்கு இந்தக் காகிதங்கள்தான் அடித்தளம்.

அனுமதி இல்லாமல் நின்றால் என்ன வழக்கு வரும்?

வழக்கமாக வருவது அரசு ஊழியரின் உத்தரவை மீறியது. பழைய தண்டனைச் சட்டத்தில் 188, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 223. கூடவே சட்டவிரோதக் கூட்டம் (பழைய 143, இப்போது 189), வழிமறிப்பு (பழைய 341, இப்போது 126) சேரும்.

உத்தரவு மீறல் விஷயத்தில் நமக்குச் சாதகமான தீர்ப்பு உண்டு. 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் மதுரை அமர்வு, அந்தக் குற்றத்துக்கு போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர் போட முடியாது, உத்தரவிட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும் என்றது. 30(2) என்பது ஒழுங்குபடுத்தும் அதிகாரம்தான், அமைதியான போராட்டம் அதனாலேயே சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிடாது என்றும் சொன்னது. இதை வைத்துப் பல வழக்குகள் ரத்தாகியிருக்கின்றன. அதற்காக வழக்கே வராது என்று நினைத்துப் போகாதீர்கள். ரத்து செய்ய நீங்கள்தான் உயர் நீதிமன்றம் போக வேண்டும், அதற்குச் செலவும் அலைச்சலும் உண்டு.

மண்டபத்தில் வைத்துவிட்டு சாயங்காலம் விட்டுவிடுகிறார்களே, அது கைதா?

ஆம். எழுந்து போக உங்களுக்குச் சுதந்திரம் இல்லையென்றால் அது தடுத்துவைப்பு. சமூகநலக்கூடம், சாப்பாட்டுப் பொட்டலம், மாநகரப் பேருந்து என்று பழகிப்போனதால் யாரும் அதைக் கைதாக நினைப்பதில்லை. அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவுப்படி காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் அல்லது விட வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்வதற்கு, விதிவிலக்கான சூழலில் மட்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் பெண் காவலரும் தேவை. உள்ளே போனவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியே ஒருவர் வைத்திருக்க வேண்டும். இதைச் செய்யாத அமைப்பு ஆட்களைக் கூட்டக் கூடாது.

என் பையன் டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிக்கிறான். கேஸ் வந்தால் வேலை போய்விடுமா? பாஸ்போர்ட்?

பயம் நியாயமானது. அரசு வேலைக்கான காவல் சரிபார்ப்பில் வழக்கு இருந்தால் சொல்ல வேண்டும், மறைப்பதுதான் பெரிய ஆபத்து. பாஸ்போர்ட்டுக்கு, குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் சிக்கல் வரும். எஃப்.ஐ.ஆர் மட்டும் இருந்து நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்காத நிலையை நிலுவையாகக் கருத முடியாது என்று தீர்ப்புகள் உண்டு. 2021-இல் குடியுரிமைச் சட்டத் திருத்தம், வேளாண் சட்டங்கள், எட்டுவழிச் சாலை போன்றவற்றை எதிர்த்துப் போராடியவர்கள் மீதான வழக்குகளைத் தமிழக அரசு திரும்பப் பெற்றது. ஆனால் அதை நம்பி யாரும் திட்டமிட முடியாது.

தேர்வு எழுதுகிற பிள்ளைகளை அனுமதியில்லாத இடத்தில் முன் வரிசையில் நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. பதாகை எழுதவும், மனு எழுதவும், படம் எடுக்கவும் ஆள் வேண்டியிருக்கிறது.

ஷாகீன்பாக் தீர்ப்பில் "ஒதுக்கிய இடத்தில் மட்டும்" என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதே? கதை முடிந்ததா?

எதிர்த்தரப்பின் பலமான வாதம் இது. 2020 அக்டோபர் 7 தீர்ப்பில், எதிர்ப்பைக் காட்டும் ஆர்ப்பாட்டங்கள் ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே நடக்க வேண்டும் என்ற வரி இருப்பது உண்மை. டெல்லி ஷாகீன்பாக்கில் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்த போராட்டத்தால் மூன்று மாதத்துக்கு மேல் ஒரு முக்கியச் சாலை அடைபட்டிருந்த வழக்கு அது. பொது வழியைக் காலவரையின்றி ஆக்கிரமிக்க முடியாது என்பதுதான் அங்கே தீர்மானிக்கப்பட்டது.

அந்த வரியைத் தனியே எடுத்து, ஒரு மணி நேரம் ஓரமாக நிற்பதற்கும் பொருத்துவது சரியில்லை. அது மூன்று நீதிபதிகளின் தீர்ப்பு. மேலே சொன்ன ஹிம்மத்லால் ஷா ஐந்து நீதிபதிகளுடையது, இன்றும் நிற்கிறது. 2018 ஜூலையில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் வழக்கில், டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தை முழுதாகத் தடுத்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் நிலையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குடியிருப்போரின் அமைதியையும் போராடுவோரின் உரிமையையும் சமன் செய்து விதி வகுக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில், 144 உத்தரவைத் திரும்பத் திரும்பப் போடுவது அதிகார துஷ்பிரயோகம் என்றும் கூறியது. அது 144 பற்றியது, 41 பற்றி அல்ல. ஆனாலும் பதினைந்து பதினைந்து நாளாக நீளும் உத்தரவுக்கு எதிராக அதே தர்க்கத்தை வைக்க முடியும், வைக்க வேண்டும்.

எனக்குப் பிடிக்காத அமைப்பும் எங்கள் தெருவில் வந்து நிற்குமே, பரவாயில்லையா?

நிற்கும். அதை ஏற்காமல் இந்தச் சட்டத்தை எதிர்க்க முடியாது. தமிழ்நாட்டில் ஆர்.எஸ்.எஸ். ஊர்வலத்தைச் சுற்றுச்சுவர் உள்ள மைதானத்துக்குள் நடத்தச் சொன்ன நிபந்தனையை உயர் நீதிமன்ற இரு நீதிபதிகள் அமர்வு 2023 பிப்ரவரியில் நீக்கியது. அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. அந்த அமைப்பின் அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் "சுவருக்குள் நடத்திக்கொள்" என்பது உரிமை ஆகாது என்ற கொள்கை, நாளை ஒரு தலித் அமைப்புக்கும் செவிலியர் சங்கத்துக்கும் அப்படியே உதவும். வன்முறைத் தூண்டலுக்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தட்டும்.

மற்ற ஊர்களில் எப்படி?

பெங்களூருவில் 2021-இல் வந்த உத்தரவு போராட்டங்களை ஃப்ரீடம் பார்க்குக்குள் ஒதுக்கியது. பழைய மத்திய சிறை இருந்த இடம் அது. சிங்கப்பூரில் 2000-இல் திறந்த ஹாங் லிம் பூங்கா பேச்சாளர் மூலை, உரிமம் இல்லாமல் கூட முடிகிற ஒரே திறந்தவெளி. சென்னை போக வேண்டாத திசை இது. அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியின் அனுமதிச் சட்டத்தை 1939-இல் உச்ச நீதிமன்றம் வீழ்த்தியது. தெருவும் பூங்காவும் நெடுங்காலமாக மக்கள் கூடிப் பேசுவதற்கானவை என்பதுதான் அதன் அடிப்படை.

நீங்கள் என்னதான் கேட்கிறீர்கள்? சட்டமே வேண்டாமா?

ஒழுங்குபடுத்தும் சட்டம் வேண்டும். அனுமதி என்பதை முன்னறிவிப்பு என்று மாற்றுங்கள்: நாங்கள் தெரிவிக்கிறோம், நீங்கள் பந்தோபஸ்து தாருங்கள். மறுப்பதானால் 48 மணி நேரத்துக்கு முன்பாக, அந்த இடத்துக்கும் நேரத்துக்கும் உரிய காரணத்தோடு எழுதுங்கள், கோரிக்கைக்கு உரிய அலுவலகத்தின் பார்வைக்கும் காதுக்கும் எட்டும் மாற்று இடத்தையும் அதிலேயே காட்டுங்கள். ஒதுக்கிய இடங்களின் பட்டியல் இருக்கட்டும். அங்கே அறிவிப்புகூட வேண்டாம் என்று ஆக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலுக்கு வெளியே எதுவும் கிடையாது என்று ஆகக் கூடாது. 50 பேருக்குக் குறைந்த கூட்டத்துக்கு விலக்கு. தொடர் 15 நாள் உத்தரவுகளுக்கு முற்றுப்புள்ளி.

எங்கள் வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுத்தால் போதுமா?

போதாது. பெயரில் மாநகரம் இருந்தாலும் இது மாநகராட்சியின் சட்டம் இல்லை. பொது ஒழுங்கும் காவலும் மாநிலப் பட்டியலில் உள்ளவை, சட்டமன்றம்தான் திருத்த வேண்டும். ஆகவே எம்.எல்.ஏ.வைப் பாருங்கள், தேர்தல் நேரத்தில் வாக்குறுதியாகக் கேளுங்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது 41-ஐத் திட்டுவதும் ஆட்சிக்கு வந்ததும் அதையே போடுவதும் இங்கே எல்லாக் கட்சிகளும் செய்தது. எனவே வாக்குறுதியை எழுத்தில் வாங்குங்கள்.

இந்தச் சட்டத்தை எதிர்த்து நடத்தும் ஆர்ப்பாட்டத்துக்கும் இதே சட்டத்தில் அனுமதி கேட்க வேண்டுமா?

வேண்டும், கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பது என் பக்கம். சிலர் கேட்காமல் நின்று கைதாவதே சரியான எதிர்ப்பு என்கிறார்கள். அந்த வழியை நான் மதிக்கிறேன். ஆனால் விளைவு தெரிந்த பெரியவர்கள் தாங்களாகத் தேர்ந்துகொள்ள வேண்டிய வழி அது, கூட்டத்தோடு வந்தவர்கள் மேல் திணிக்கக் கூடாது.

மனு கொடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆணையர் அலுவலகத்துக்கு எதிரே, அரை மணி நேரம், இருபது பேர், ஒலிபெருக்கி இல்லை என்று மனு கொடுங்கள். ஏற்றால் அங்கே நில்லுங்கள். மறுத்தால், எந்தக் காரணத்துக்காக இருபது பேரை அரை மணி நேரம் அங்கே நிற்க விடவில்லை என்று எழுதிய கடிதம் கையில் இருக்கும். ரிட் மனுவில் முதல் இணைப்பாக அதை வையுங்கள்.